புதன்கிழமை மட்டும் பார்த்த ஊர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும், மீட்டர் தனியா பொதுவா, மொட்டை மாடியில் துணி காயப்போட விடுவார்களா... கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஒரு ஊரையே பார்க்கப் போனால் என்ன கேட்பது?

இந்த ஜூனில் ஒரு புதன்கிழமை, நானும் என் மகள் நித்யாவும் அப்படி ஒரு ஊரைப் பார்க்கப் போனோம். பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.காம். படிக்க வேண்டும் என்றாள். இரண்டு அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் போலிருந்தது. ஒன்று கிருஷ்ணகிரிப் பக்கம். இன்னொன்று தளிப் பக்கம், ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது நல்ல ஊர்தான்.

படிப்பு இரண்டிலும் ஒன்றுதான். நாங்கள் இருக்கும் ஓசூரிலிருந்து இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊர் மட்டும்தான் வேறு.

ஊர் மட்டும்தானே என்று விட்டுவிட முடியவில்லை. மூன்று வருடம் தினமும் போய்வர வேண்டும். பிடிக்காத ஊர் என்றால் பிள்ளைகள் முதலில் சனிக்கிழமை போக மாட்டார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை தலை வலிக்கும். அப்புறம் ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படி நின்ற இரண்டு பெண்கள் இப்போது என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். என் பக்கத்து சீட்டில் நித்யா உட்கார்ந்து வருவதை நான் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று தோன்றியது.

கம்பெனி காண்டீனில் சாப்பிடும்போது இதை மெதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான்... பாதிப் பேர் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

"கட்டடத்தப் பாரு. கட்டடம் நல்லா இருந்தா காலேஜும் நல்லா இருக்கும்."

"கட்டடமா வந்து பாடம் நடத்தப்போவுது? வாத்தியாருங்க எத்தன பேருன்னு கேளு."

"அதெல்லாம் வுடுக்கா. பாத்ரூம்ல தண்ணி வருதான்னு பாரு. பொம்பளப் புள்ளைக்கு அதான் முக்கியம்."

மூன்றாவதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். முதல் இரண்டும் ஆண்கள் சொன்னவை.

என் வேலை என்ன என்று இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி — சின்னச் சின்னப் பட்டறைகளிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைச் சோதிப்பது. எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. பெட்டிக்கு ஐந்து எடுத்துப் பார்ப்போம். அனுப்புகிறவர்களுக்கும் இது தெரியும். நல்லதை மேலே அடுக்கிவிடுவார்கள். அதனால் மேலே இருப்பதை நான் தொடுவதே இல்லை. முழங்கை வரை கையை விட்டு அடியில் இருப்பதை எடுப்பேன். பதினான்கு வருடமாக இப்படித்தான்.

கல்லூரியையும் அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவர்கள் கூப்பிடுகிற நாளில் போகக் கூடாது. ஆடிட் வருகிற அன்று ஒரு கம்பெனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தரையில் போட்ட மஞ்சள் கோடுகூட ஈரம் காயாமல் இருக்கும். ஆகவே, சொல்லாமல் போக வேண்டும். சாதாரண நாளில் போக வேண்டும்.

எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஓசூரில் எல்லோருக்கும் ஞாயிறு கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஞாயிறு. எங்களுடைய ஞாயிறு புதன்கிழமை வரும். புதன்கிழமை போனோம்.

இதில் என்ன தப்பு நடந்துவிட முடியும்?

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கூடை, சாக்கு, கூடைக்காரர்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து போயின. தளி ரோட்டில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று. எனக்கு அப்போதே பாதி பிடித்துவிட்டது.

இறங்கினால் ஊர் ஜே ஜே என்று இருந்தது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி முட்டைக்கோஸ் மலை மாதிரி. அந்தப் பக்கம் பீன்ஸ், இந்தப் பக்கம் சாமந்தி, ரோஜா. எங்கு பார்த்தாலும் பெண்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓசூருக்குக் கிளம்பியது. அது போதாது என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் வேறு கூவினார்கள். கல்லூரிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. போனோம். கட்டடம் இருந்தது. வாத்தியார்களும் இருந்தார்கள். பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்தது.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்கார அம்மா, என்ன வேண்டும் என்று கன்னடத்தில் "ஏன் பேக்கு அக்கா?" எனக் கேட்டு, பதில் வருவதற்குள் "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று பெஞ்சைக் காட்டினார். நித்யா கன்னடத்திலேயே இரண்டு டீ சொன்னாள். தெருவில் விளையாடிக் கற்றுக்கொண்ட கன்னடம். எனக்குப் புரியும், பேச வராது. தமிழே புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "ஊரு தினமும் இப்படித்தான் இருக்குமா?" கேட்கவில்லை.

எனக்குக் கூட்டம் பிடிக்கும். கூச்சப்படுகிறவர்களுக்குக் கூட்டம்போல வசதி கிடையாது. யாரும் நம்மைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். பெண் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஊர் எது என்று நினைத்தேன். நித்யாவுக்குத்தான் முகம் சரியில்லை.

"இடிச்சுக்கிட்டே நடக்க வேண்டியிருக்கும்மா. நான் கிருஷ்ணகிரிக்கே போறேன். என் ஃபிரெண்ட்ஸும் அங்கதான் சேர்றாங்க."

"ஃபிரெண்ட்ஸுக்காகவாடீ காலேஜ் சேருவாங்க?"

"நீ காத்துக்காகச் சேரச் சொல்றியே."

இன்னொரு முறை பார்க்கலாம் என்றேன். இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ்களைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம். எனக்கு எந்த நாள் வசதி? தனியாக லீவு கேட்டால் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். மறுபடியும் புதன்கிழமையே போனோம். அதே கூட்டம், அதே பஸ்கள், அதே சாமந்தி. பார்த்தாயா, இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். கிருஷ்ணகிரியிலும் அதே வெள்ளிக்கிழமைதான் கடைசி.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே எங்கள் மடியைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இன்னாம்மா, சந்தைக்கு வந்துட்டு ஒரு கத்திரிக்காகூட வாங்காம போறீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நித்யாதான் பேசினாள்.

"சந்தையா? நாங்க காலேஜுக்கு வந்தோம்ண்ணா."

"காலேஜுக்கு வர்றவங்க புதன்கிழம வந்தா எப்டி? இன்னிக்கி சந்தைம்மா. ஊர்ல இருக்கறதுல பாதி வெளியூர் ஜனம். நாளிக்கி வந்து பாரு, நடு ரோட்ல நாய் படுத்துனு இருக்கும். தாண்டித்தான் போவணும்."

"அப்ப பஸ்ஸு?"

"இவ்ளோ பஸ்ஸு இன்னிக்கி மட்டும்தான். மத்த நாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. அத வுட்டா ஆறரைக்கு இதே வண்டி, இதே நானு."

"காலேஜே நாலு மணிக்குத்தானேண்ணா வுடறாங்க?"

"ஆமா. காலேஜு வந்து நாலஞ்சு வருஷந்தான் ஆவுது. பஸ் டைமு எங்கப்பா காலத்துது. காலேஜு வந்திருக்குதுன்னு பஸ்ஸுக்கு இன்னும் யாரும் சொல்லல."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தை என்று தெரியாமலா போகும் என்று நீங்கள் கேட்கலாம். ஓசூரில் மார்க்கெட் தினமும் உண்டு. தளிப் பக்கம் என்றாலே காய்கறியும் பூவும்தான். குவித்து வைத்திருந்தால், அந்த ஊர் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அடியிலிருந்து எடுத்துப் பார்க்கிறவள் என்று சொல்லிக்கொண்டேனே... அடியிலிருந்துதான் எடுத்தேன். இரண்டு முறையும் ஒரே பெட்டியில்.

வீட்டுக்கு வந்ததும் நானே சொல்லிவிட்டேன்.

"கிருஷ்ணகிரிலயே சேர்ந்துக்க. அங்க ஹைவேல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ். நாலு மணி பஸ்ஸ வுட்டா ரெண்டரை மணி நேரம் அந்த ஊர்ல உக்காந்து என்ன பண்ணுவ?"

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள்.

"நாளைக்கு நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அதான் வேணாம்னு ஆயிடுச்சே."

"நாம இன்னும் அந்த ஊரப் பாக்கவே இல்லயேம்மா. சந்தையத்தான பாத்தோம்."

வேலை பார்க்கும் இடத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சரியாகப் பேசியதில்லை. போய் வா என்றேன்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். நாலு பத்துக்குப் போன் வந்தது.

"பஸ்ஸு போயிடுச்சும்மா."

"பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பறதுக்கென்னடீ?"

"வேணும்னேதான் வுட்டேன். அந்த ரெண்டரை மணி நேரம் எப்படி இருக்குதுன்னு பாக்கத்தான வந்தேன்."

வைத்துவிட்டாள். ஐந்து மணிக்கு நான் அடித்தபோது லைன் கிடைக்கவில்லை. ஐந்தரைக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் இருக்கும் இடம், இல்லாத இடம் என்று உண்டு. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினேன்.

ஏழே முக்காலுக்கு வந்தாள். முகம் கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானாகக் கேட்கக் கூடாது என்று இருந்தேன். மூன்று வாய் சோறுவரை தாக்குப்பிடித்தேன்.

"ஊரு எப்படி?"

"ஒண்ணுமே இல்லம்மா. நாலு கடை. அதுல ரெண்டு சாத்தி இருக்குது. நாயும் இருந்துச்சு."

"நான்தான் சொன்னேனே. கிருஷ்ணகிரிதான் சரி."

"இல்லம்மா. நான் அந்த ஊர்லயே சேர்றேன்."

கூட்டமாக இருந்தபோது பிடிக்காத ஊர், ஒன்றுமே இல்லாதபோது பிடித்திருக்கிறது. இதற்கு என்ன கேள்வி கேட்பது?

அவளே சொன்னாள். "கிளாஸ் ரூம ஆறு மணி வரைக்கும் பூட்ட மாட்டாங்க. செகண்ட் இயருக்குக் காலேஜ் தொடங்கிடுச்சு. ஆறரை பஸ்ஸுக்குப் போறவங்க ஏழு பேரு அங்கதான் இருக்கறாங்க. ஒரு அக்கா எகனாமிக்ஸ் புக் குடுத்தாங்க. படிச்சேன்."

"படிக்கறதுக்கு அங்க போவணுமா? இங்க படிச்சா ஆகாதா?"

"சத்தமாப் படிச்சேன்ம்மா."

"என்ன?"

"எனக்குச் சத்தமாப் படிச்சாத்தான் மண்டைல ஏறும். ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல கிரவுண்டுக்குப் போய்ப் படிப்பேன். வீட்ல எங்க படிக்கறது? அப்பாவுக்கு நைட்டுன்னா பகல் பூரா தூங்கறாரு. உனக்கு நைட்டுன்னா நீ தூங்கற. ஷிப்ட் மாறுனா தூங்கற ஆளுதான் மாறுது. தூக்கம் மாறறதில்ல."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே அவள் அப்பா, இரவு ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு சமையலறை. நாங்கள் இருவரும் வெவ்வேறு கம்பெனி. அத்திப்பள்ளி தாண்டி அவருக்கு, இந்தப் பக்கம் எனக்கு. எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்போம். காலிங் பெல் வயரை அவர் எப்போதோ பிடுங்கிவிட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட விரலால்தான் தட்டுவார். குக்கர் விசில் வேண்டாம் என்று சாதம் வடிப்பது வழக்கமாகிவிட்டது. மிக்ஸி பக்கத்து வீட்டில் ஓடும். நித்யா நடக்கப் பழகியபோதே கால் ஊன்றாமல் நடக்கப் பழகினாள். கொலுசு வாங்கிக் கொடுத்தோம். சலங்கையை எடுத்துவிட்டுக் கொடுத்தோம்.

ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இதெல்லாம் உண்டுதான். அங்கேயும் பிள்ளைகள் வளர்கிறார்கள். தெருவில், "உன் பொண்ணு இருக்கற இடமே தெரியல, எவ்ளோ அடக்கம்" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். என்னை மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். கூச்ச சுபாவம், பாவம், என்ன செய்வது, என் வயிற்றில் பிறந்தது என்று.

கண்டக்டரிடம் பேசியவள் அவள். டீக்கடையில் பேசியவள் அவள். முன்பின் தெரியாத ஏழு பெண்களோடு உட்கார்ந்து, புத்தகம் வாங்கிச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு வந்தவள் அவள். இவளுக்கு எங்கிருந்து கூச்சம்? தூங்குகிறவர்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினேழு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். இதுவும் தெரியவில்லை.

இருந்தாலும் என் வேலை புத்தி போகவில்லை.

"ஆறரை பஸ்ஸுல யாரெல்லாம் வராங்க?"

"அந்த ஏழு பேரு. ரெண்டாவது ஸ்டாப்புல ரோஜாத் தோட்டத்துல வேல செய்யற அக்காங்க இருபது பேராச்சும் ஏறுவாங்க. அப்புறம் பாட்டும் சத்தமும்தான். நேத்து வந்த கண்டக்டர்தான் இருந்தாரு. என்னப் பாத்ததும் நாய் இருந்துச்சான்னு கேட்டாரு."

"மழை பேஞ்சா?"

"நனைவேன்."

குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். சூப்பர்வைசர் தலையைக்கூடத் தூக்காமல் சரி என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. நித்யாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

அன்றுதான் அந்த ஊரை முதல் முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முட்டைக்கோஸ் இருந்த இடத்தில் காய்ந்த இலை. டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நடந்துபோனபோது பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். நாங்கள் கல்லூரி ரோட்டில் திரும்பும்வரை பார்த்தார். திரும்பி வரும்போதும் பார்த்தார். எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை. மூன்று வருடம் இல்லை, மூன்று நாள் என்னால் இருக்க முடியாது.

நல்லவேளை, அங்கே யாரும் என்னைப் படிக்கக் கூப்பிடவில்லை.

பிள்ளைகளுக்கு ஊர் பார்க்கப் போகிற பெற்றோர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன். நமக்கு எது கஷ்டமோ அது அங்கே இல்லையா என்று பார்க்கிறோம். நமக்கு எது வசதியோ அது இருக்கிறதா என்று பார்க்கிறோம். படிக்கப் போகிற ஆள் பக்கத்திலேயே நடந்து வருவார். அவருக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றாது. கேட்டாலும் சட்டென்று சொல்லத் தெரியாது. சும்மா ஒரு இரண்டரை மணி நேரம் அங்கே தனியாக இருக்க விட்டால் தெரிந்துவிடும் போலிருக்கிறது. நான் பயந்த இரண்டரை மணி நேரம்தான் அவள் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். இதை எந்தக் காண்டீனில் போய்ச் சொல்வது?

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமையும் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். அவள் அப்பா இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து படுத்தார். ஒன்பது மணி வாக்கில் நித்யா புத்தகத்தைத் திறந்தாள். மூன்று வாரப் பழக்கம்... என்ன நினைவோ, உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது பக்கம் போனாள். மூன்றாவது போனாள்.

மதியம் எழுந்து வந்து சோம்பல் முறித்தார். "இன்னிக்கி நல்ல தூக்கம்" என்றார்.

பதினேழு வருடம் நாங்கள் வீணாகத்தான் மெதுவாக நடந்தோம் என்ற விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.